பணியாளர் 412-அ

எங்கள் தெருமுனையில், மாடிப்படிக்குக் கீழே, ஓர் அறை இருக்கிறது. ஷட்டர் போட்ட அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர் வைத்தால் நிறைந்துவிடும். கொஞ்சம் பருமனான ஆள் உள்ளே வந்தால் நான் எழுந்து வெளியே போய் நிற்கவேண்டியதுதான். ‘வாடகைக்கு’ என்ற பலகை அதில் இரண்டு வருடமாகத் தொங்குகிறது. தினமும் காலை எட்டேகாலுக்கு அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடுவேன். என்றைக்காவது அது இல்லாமல் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்த அறையில் ஒரு கடை போடவேண்டும். ஒன்பது மணிக்குத் திறந்து, மூன்று மணிக்கு, என் மகள் பள்ளிவிட்டு வருகிற நேரத்துக்கு, ஷட்டரை இழுத்து மூடிவிடவேண்டும். லீவு கேட்டு எவன் முன்னாலும் நிற்கக்கூடாது. எதற்குச் செலவு செய்தாய் என்று வீட்டிலும் எவரும் கேட்கக்கூடாது. என் பணம், என் நேரம், என் ஷட்டர். பத்து மாத வாடகை முன்பணமும், கடை சூடுபிடிக்கும் வரை ஒரு வருடம் வீட்டை ஓட்டுவதற்கான பணமும் கையில் இருந்தால் போதும். என் சம்பளத்தில் மிச்சம் பிடித்தால் அதற்கு இன்னும் இருபத்தாறு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வாண்டுக்கு, அதாவது என் மகளுக்கு, அப்போது ஐந்தரை வயது. இருபத்தாறு மாதத்தில் பால்பற்கள் விழுந்து, புதுப்பற்கள் முளைத்து, அவள் வேறு ஒரு முகத்தோடு இருப்பாள். காலையில் எட்டேகாலுக்கும் மாலையில் ஏழு மணிக்கும் மட்டும் பார்க்கிற நான், நடுவில் நடந்ததை யாரிடமாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

என்ன கடை என்று சொல்லவில்லையே. புகார் எழுதிக்கொடுக்கும் கடை.

நான் வேலை பார்த்தது துணி துவைக்கும் இயந்திரம் செய்கிற ஒரு கம்பெனியில், நான்காவது மாடியில், குறைதீர்ப்புப் பிரிவில். பெயர்தான் குறைதீர்ப்பு. சட்டை சுருங்கிவிட்டது, சாக்ஸில் ஒன்று காணோம், இயந்திரம் நடந்து நடந்து வாசல் வரை வந்துவிட்டது என்று நாள் முழுவதும் போன் வரும், கடிதம் வரும். அத்தனைக்கும் ஏழே ஏழு பதில்கள். எங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் அவற்றை ஒட்டி வைத்திருப்பார்கள். ஒன்றாம் பதில், தங்கள் மனவேதனை எங்களுக்குப் புரிகிறது. நான்காம் பதில், அது தண்ணீரின் குற்றம். ஏழாம் பதில், இயந்திரம் தன் இயல்புப்படி நடந்துகொண்டிருக்கிறது. எட்டாவதாகவும் ஒரு பதில் உண்டு. ‘மாற்றித் தருகிறோம்.’ நான் வேலை பார்த்த ஒன்பது வருடத்தில் அதை யாரும் எழுதியதில்லை. தாளில் அதன் மேல் டீ கொட்டியே பாதி அழிந்துவிட்டது.

ஒன்பது வருடம் மறுத்து மறுத்து எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஜனங்கள் புகாரில் எதையாவது கேட்டுவிடுகிறார்கள். நியாயம் கேட்கிறார்கள், நஷ்டஈடு கேட்கிறார்கள், உனக்கெல்லாம் அக்கா தங்கை இல்லையா என்று கேட்கிறார்கள். கேட்டதைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிடலாம். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று இரண்டே வரி எழுதி, எதுவுமே கேட்காமல் விட்டால் ஏழு பதிலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்படி ஒருவர்கூட எழுதியதில்லை. நான் எழுதிக்கொடுக்கப்போகிறேன், அதற்குக் காசு வாங்கப்போகிறேன் என்பதுதான் திட்டம்.

நடுவில் வாண்டு போகிற குழந்தைகள் காப்பகத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம் வந்து, பத்து நாள் மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பார், அன்றைக்கு மூன்று நாள் தூரத்தில் இருந்தார். எனக்கு லீவு என்பது அந்த வருடத்துக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் கலர் பென்சிலும் ஒரு டப்பா பிஸ்கட்டுமாக வாண்டை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

வாசலில் முகம் பார்த்து வருகைப்பதிவு செய்கிற மெஷின் இருக்கிறது. வாண்டு அச்சு அசல் நான்தான். அதே மூக்கு, நடுவில் கைகோத்துக்கொள்கிற அதே புருவம். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, “வணக்கம் 412. வணக்கம் 412-அ” என்றது.

412 நான். பின்னால் சொன்னதற்கு வாண்டு சமர்த்தாக, “வணக்கம்” என்று பதில் சொன்னாள். அங்கேதான் எல்லாம் போச்சு. மெஷினுக்குப் பதில் சொல்லிவிட்டால் பணியில் சேர்ந்ததாகப் பொருளாம்.

மறுநாள் பக்கத்து வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி அவளை விட்டுவிட்டு நான் மட்டும் போனால், 412-அ தகவலின்றி வராததற்கு விளக்கம் கேட்டு என் மேசையில் கடிதம் இருந்தது. மேலாளரிடம் போனேன். எதைக் கேட்டாலும் ‘பின்னிணைப்பைப் பாருங்க’ என்பதால் அவருக்கு எங்கள் பிரிவில் பின்னிணைப்பு என்றுதான் பெயர்.

“மெஷின் எழுதினதை மனுஷன் அழிக்க முடியாதும்மா. எனக்கு முன்னாடி இருந்தவர் ஒரே ஒரு வரியை அழிச்சார். இப்ப அவர் எங்க இருக்கார்னு அவர் வீட்லயே தெரியல.”

“சார், அவளுக்கு அஞ்சரை வயசு.”

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். “முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கே. பார்க்க இளமையா இருக்காங்க, அவ்வளவுதான்.”

பெயரை நீக்கவேண்டும் என்றால் 412-அ தானே ராஜினாமா செய்யவேண்டும். ஆறு மாதம் முடிவதற்குள் ராஜினாமா செய்தால் அதுவரை கொடுத்த சம்பளம் முழுவதையும் திருப்பிக் கட்டவேண்டும். இதெல்லாம் பின்னிணைப்பில் இருப்பதாகச் சொல்லிவிட்டு, கூடவே சம்பளம் எவ்வளவு என்பதையும் சொன்னார்.

அந்த இடத்தில் நான் ‘முடியாது’ என்று சொல்லியிருக்கவேண்டும். பெற்றவள் எவளும் சொல்லியிருப்பாள். நான் நின்ற இடத்திலேயே மனக்கணக்குப் போட்டேன். இருபத்தாறு மாதம் பன்னிரண்டாகச் சுருங்கியது. காப்பகத்துக் கட்டணமும் மிச்சம், பிள்ளையும் நாள் முழுவதும் கண்ணெதிரே. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். இந்தக் கதையில் நான் வெட்கப்படுகிற இடம் அது, மற்றதெல்லாம் மெஷின் மேல் போட்டுவிடலாம்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். லாரி சத்தத்தில் இரண்டு தடவை திரும்பச் சொல்லவைத்தார். பிறகு, சம்பளம் என்ன கசக்கவா போகிறது, எங்கே இருந்தாலும் அவள் விளையாடத்தான் போகிறாள், அங்கேயே விளையாடட்டும் என்றார். ஓர் ஆபீஸ் முழுக்கப் பைத்தியம் பிடித்திருக்கும்போது வீட்டிலாவது ஒருவர் தெளிவாக இருப்பார் என்று நினைத்தேன்.

முதல் வாரம் வாண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைந்தாள். இரண்டாம் வாரம், 412-அவுக்கென்று வைத்திருந்த போன் அடித்தது, எடுத்தாள். யாரோ ஒருவர் சாக்ஸ் காணாமல்போனதற்கு நாட்டையே திட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கால் சாக்ஸ், அதற்கு என்ன பெயர், தனியாக இருக்கிற சாக்ஸ் அழுகிறதா என்று இவள் வரிசையாகக் கேட்டாள். அவர் எது சொன்னாலும் “ஏன்?” என்றாள். பதினோராவது ‘ஏன்’ வரும்போது அந்த மனிதர், தான் எதற்காகக் கூப்பிட்டோம் என்பதையே மறந்துபோய், தன் அண்ணனோடு பேசி ஆறு வருடம் ஆகிறது என்று சொல்லி, இப்போதே பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். புகார் முடிந்தது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு அறுபது அழைப்பு என்பது எங்களுக்கு இலக்கு, அவள் எண்பது முடிப்பாள், நடுவில் பிஸ்கட்டும் சாப்பிடுவாள். மூன்றாம் மாதம் பிரிவின் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவியை 412-அவுக்குக் கொடுத்தார்கள். ஒன்பது வருடமாக அந்தக் கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சுழல் நாற்காலியில் மூன்று திண்டு போட்டு அவளை ஏற்றி உட்காரவைத்ததும் நான்தான்.

நிர்வாகம் என்று பார்த்தால் குறை சொல்வதற்கில்லை. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் எல்லோரும் தூங்கவேண்டும் என்று முதல் உத்தரவு போட்டாள். யாரும் யாரையும் தள்ளிவிடக்கூடாது என்பது இரண்டாவது. பக்கத்து சீட்டு அக்கா இருபது வருட சர்வீஸ்காரி, இடுப்புவலிக்காரி. தன் வாழ்நாளில் இப்படியொரு அதிகாரியைப் பார்த்ததில்லை என்று கண்கலங்கினாள். மேற்பார்வையாளர் சம்பளம் வந்ததும் என் பன்னிரண்டு மாதம் ஆறானது. வாண்டின் ஆறு மாதம் முடிகிற நாளும், என் பணம் சேர்ந்து முடிகிற நாளும் ஒன்றாகவே வந்து நின்றன. சமையலறைக் கதவின் பின்னால் நாள்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில்தான் ஏதோ மாறிக்கொண்டு வந்தது. குளிக்க வா என்றால், “உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது” என்பாள். மடியில் இழுத்து உட்காரவைத்தால், எத்தனை நிமிடம் என்று கேட்பாள். கதை சொல்லு என்று தொணதொணப்பவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் அதை அவள் வளர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நாள், கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு நானே ஒன்றாம் பதிலைச் சொல்லிக்கொண்டேன்.

இன்னும் ஒரு மாதம் இருந்தபோது, ஒரு புதன்கிழமை மத்தியானம், நான் ஐம்பத்தொன்பதாவது அழைப்பில் இருந்தேன். இன்னும் ஒன்று முடித்தால் அன்றைய ஊக்கத்தொகை. யாரோ என் புடவையைப் பிடித்து இழுத்தார்கள். “அம்மா, பல்லு” என்ற குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டினேன், கொஞ்சம் பொறு என்று. அந்த அழைப்பை முடித்து, அடுத்ததையும் முடித்துவிட்டுத் திரும்பினால் பின்னால் யாரும் இல்லை. பக்கத்து சீட்டு அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தாள். உள்ளே, அரிசி அளவுக்கு ஒரு பல்.

கண்ணாடி அறைக்குப் போனேன். வாண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் எனக்கு ஆள்காட்டி விரலைக் காட்டினாள்.

எங்கள் பிரிவுக்கு வருகிற எழுத்துப் புகார்களை வரிசைப்படி ஒவ்வொரு மேசைக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். அன்று மூன்றரை மணிக்கு என் முறை. படிவத்தில் கோணல்மாணலாக, ஒவ்வோர் எழுத்தும் ஒரு திசையில் சாய்ந்துகொண்டு, இரண்டு வரி இருந்தது.

‘புதன் மத்யானம் பல் விழுந்தது. அம்மா திரும்பிப் பாக்கல.’

அவ்வளவுதான். எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்குள் பதில் எழுதவேண்டும் என்பது விதி. தாளில் இருந்த பதில்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். தங்கள் மனவேதனை எங்களுக்குப் புரிகிறது. புரியவில்லையே, புரிந்திருந்தால் திரும்பியிருப்பேனே. தண்ணீரின் குற்றம். ஏழாவதைப் படித்தபோது கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. ஒன்பது வருடமாக எந்தப் புகாருக்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது, அதில் குற்றவாளி நான். டீ கொட்டிய எட்டாவது பதிலை எடுத்து எழுதினேன். மாற்றித் தருகிறோம். பிறகு இரண்டு ராஜினாமாக் கடிதம் எழுதினேன், ஒன்று எனக்கு, ஒன்று 412-அவுக்கு.

பின்னிணைப்பு பதறிப்போனார். இன்னும் ஒரே ஒரு மாதம்தான், இப்போது போனால் குழந்தையின், அதாவது அதிகாரியின், ஐந்து மாதச் சம்பளமும் திரும்பப் போய்விடும் என்று எனக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். போனில் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

“ஒரு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரேன்.”

“கடிக்கிறதுக்கு அவளுக்கு முன்பல்லு இல்லீங்க” என்றேன். அந்தப் பக்கம் லாரியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. எந்தப் பல், மேலேயா கீழேயா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

என் ராஜினாமாவை ஏற்கவேண்டியவர் என் மேற்பார்வையாளர். இரண்டு கடிதங்களோடும் போய் மேசைக்கு இந்தப் பக்கம் நின்றேன். வாண்டு எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

“ஏன்?” என்றாள்.

“வேலை போதும் பாப்பா.”

“ஏன்?”

“அம்மா ஒரு கடை போடணும். தெருமுனையில.”

“ஏன்?”

“அப்பதான் உன்கூட இருக்க முடியும்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இப்ப என்கூடத்தானே இருக்கே. தினமும் இருக்கே. ஏன்?”

பதினோரு ‘ஏன்’ வரைக்கும் போக அவளுக்குத் தேவையே இருக்கவில்லை, நான்காவதிலேயே எனக்குப் பதில் தீர்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தேன். “எந்தப் பல்லுன்னு அம்மாவுக்குத் தெரியல. காட்டுறியா?” என்றேன்.

வாண்டு யோசித்தாள். திரும்பிக்கொண்டு, மூன்று திண்டையும் தாண்டி, நாற்காலியிலிருந்து கீழே இறங்கி வந்து, என் முகத்துக்கு நேரே வாயை ஆவென்று திறந்தாள். கீழ்வரிசை, இடது பக்கம். ஒரு சின்ன சிவப்பு ஜன்னல். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குத் தாடை வலித்திருக்கும், ஆனாலும் மூடவில்லை. பிறகு மேசையிலிருந்து ‘முடிக்கப்பட்டது’ முத்திரையை எடுத்து இரண்டு கடிதங்களிலும் குத்தினாள். என் புறங்கையிலும் ஒன்று குத்தினாள்.

வாசல் மெஷின், “போய் வாருங்கள் 412. போய் வாருங்கள் 412-அ” என்றது. “வர மாட்டேன்” என்றாள் வாண்டு. மெஷின் ரொம்ப நேரம் யோசித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் செருமினார்கள். கடைசியில் கதவு தானாகத் திறந்துகொண்டது.

கணக்கு பழையபடி தலைகீழாகிவிட்டது. தெருமுனையில் ‘வாடகைக்கு’ பலகை ஆடிக்கொண்டிருந்தது, என் கையில் முன்பணத்தில் பாதிகூட இல்லை. இரண்டு நாள் ராத்திரியும் பகலும் பயந்தேன். நன்றாகவே பயந்தேன், அதை மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து சீட்டு அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். மத்தியானத் தூக்கத்துக்குப் பொறுப்பான அதிகாரி இப்போது இல்லை என்பதால் பின்னிணைப்பு அதை நீக்கிவிட்டாராம். பிரிவில் முப்பத்தெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு நான்கு பக்கத்தில் மனு கொடுத்தார்களாம். ஏழாம் பதில் வந்ததாம். நான்கு பக்கத்தையும் படித்தேன். மனிதநேயம், உழைப்பின் மகத்துவம், இடுப்புவலி எல்லாம் இருந்தது. அடித்துவிட்டு, ‘புதன்கிழமை வரை மத்தியானம் தூங்கினோம். வியாழக்கிழமையிலிருந்து தூங்கவில்லை’ என்று எழுதிக்கொடுத்தேன்.

மேலாளர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பின்னிணைப்பைப் புரட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு அவரும் தூங்கினாராம். முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கொரு கட்டணம் கொடுத்தனுப்பினார்கள். அதன் பிறகு அக்காவின் கொழுந்தனார் வந்தார், கொழுந்தனார் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் மேல் புகாரோடு மற்றக் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். கடை இப்போதைக்கு எங்கள் சமையலறை மேசைதான். ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை. அந்த அறைக்கு இன்னும் பத்தொன்பது மாதம் ஆகும் என்று கதவின் பின்னால் எழுதியிருக்கிறேன். பலகையை இன்னமும் தினமும் போய்ப் பார்க்கிறேன், ஆனால் நடந்துபோய்.

நேற்று வாண்டுக்குப் பள்ளி லீவு. ஒரு பெரியவர், தன் வீட்டு ஜன்னலுக்கு நேராக யாரோ சுவர் எழுப்பிவிட்ட புகாரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவசரக்காரர், நல்ல கட்டணமும் பேசியிருந்தார். இரண்டாவது வரியில் பாதி எழுதியிருந்தேன். பின்னாலிருந்து புடவை இழுபட்டது. என் வலது கை ஆள்காட்டி விரல், நான் சொல்லாமலே, தானாக மேலே எழும்பியது.

அந்த விரலைப் பார்த்தேன். அதை அப்படியே பெரியவர் பக்கம் திருப்பிக் காட்டி, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டு, திரும்பினேன். வாண்டு வாயைத் திறந்துகொண்டு நின்றாள். கீழ்வரிசை, வலது பக்கம், ஆடிக்கொண்டிருந்தது.